ஆறு மடிப்பில் ஒரு கடற்கரை

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடைக்காலம் முழுக்க ஜப்பானில் இருந்தேன். அலுவலகம் ஒசாகாவில், தங்கியிருந்தது பக்கத்து ஊரான சாக்காயில். இரண்டுக்கும் நடுவே ஒற்றைப் பெட்டி டிராம் ஒன்று ஓடுகிறது. மணி அடித்துக்கொண்டே, வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசியபடி போகும். அதன் பாதையில் ஒரு நிறுத்தத்தில் கல் தோரண வாசல் ஒன்று தெருவை ஒட்டியே நிற்கும். தினமும் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். சுமியோஷி பெருங்கோயில். கடலோடிகளின் கோயில், கடற்கரைக் கோயில் என்று படித்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போனபோது முதலில் தேடியது கடலைத்தான். காணோம். செங்குத்தான வளைவுப் பாலம் இருக்கிறது, அதன் அடியில் குளம் இருக்கிறது. கடல்காற்றின் உப்பு வாசனைகூட இல்லை. தின்பண்டம் விற்றுக்கொண்டிருந்த பாட்டியிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் "கடல் எங்கே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மேற்கே கையை நீட்டினார். நீட்டிய கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். தூரம் என்று அர்த்தம்.

மேற்கே நடந்தால் முதலில் ரயில் பாதை, பிறகு ஒரு பூங்கா. பூங்காவைத் தாண்டினால் கல் அடித்தளத்தின் மேல் உயரமான விளக்கு மாடம் ஒன்று. ஒரு காலத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டிய கலங்கரை விளக்கம் அது. இப்போது நிற்பது 1974-ல் இடம் மாற்றித் திரும்பக் கட்டியது. எதிரே கார்கள் போகின்றன. கடலைத் தூர்த்துத் தூர்த்து ஊரை மேற்கே இழுத்துக்கொண்டே போய்விட்டார்கள். இன்று கரை பல கிலோமீட்டர் தள்ளி, துறைமுகக் கிடங்குகளுக்கு அந்தப்பக்கம்.

அந்தக் கடலை நான் கடைசியில் பார்த்தது ஒரு தட்டியில்.

தட்டி என்றதும் தேர்தல் விளம்பரம் ஞாபகம் வந்தால் மன்னியுங்கள். ஜப்பானியர்கள் பியோபு என்று சொல்வது மடக்குத் தட்டியைத்தான். அந்தச் சொல்லுக்கே காற்றை மறைப்பது என்று பொருள். சீனத்திலிருந்து வந்த சாமான். பெரிய கூடத்தில் காற்று அடிக்காமல் இருக்கவும், ஒரு மூலையை அறைபோல ஒதுக்கிக்கொள்ளவும் நிறுத்திவைப்பது. மரச்சட்டத்தின் மேல் பல அடுக்குக் காகிதம் ஒட்டி, அதன் மேல் ஓவியம். பெரும்பாலும் ஆறு மடிப்புகள், இரண்டு இரண்டாக ஜோடி. ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம், மூன்றரை மீட்டர் அகலம். ஜோடியை விரித்துவைத்தால் ஏழு மீட்டர் நீளத்துக்கு ஒரு ஊரையே நிறுத்திவிடலாம். போர்ச்சுக்கீசியர்களுக்கு இந்தச் சாமான் மிகவும் பிடித்துப்போய், பெயரையும் சேர்த்தே எடுத்துப் போனார்கள். இன்றும் அவர்கள் மொழியில் இதற்குப் 'பியோம்போ' என்றுதான் பெயர்.

இதில் என்னைக் கவர்ந்த விஷயம் கீல். பழைய காலத்துத் தட்டிகளில் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாகத் துணிக்கரை இருக்கும், பலகைகளைக் கயிற்றாலோ தோலாலோ முடிந்திருப்பார்கள். ஆகவே ஆறு பலகை என்றால் ஆறு தனிப் படங்கள். 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜப்பானியக் கைவினைஞர்கள் காகிதத்தாலேயே கீல் செய்யக் கற்றுக்கொண்டார்கள். பட்டைகளை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஒட்டி, இரண்டு பக்கமும் மடங்கும்படி செய்துவிட்டார்கள். இரும்பு கிடையாது, ஆணி கிடையாது. நடுவிலிருந்த கரைகள் போயின. ஆறு படங்கள் ஒரே படமாயின. அதற்குப் பிறகுதான் ஒரு ஊர்வலம் முதல் பலகையில் கிளம்பி ஆறாவது பலகை வரை தடையில்லாமல் போக முடிந்தது. காகிதக் கீல் இல்லையென்றால் இந்தத் திருவிழாப் படங்களே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

சரி, அந்தப் படத்தைப் பார்க்கப் போன கதை. சுமியோஷித் திருவிழாவைக் காட்டும் பழைய ஜோடித் திரை இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். திங்கட்கிழமை. ஜப்பானில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பது பூட்டிய கதவின் முன்னால்தான் தெரிந்தது. இன்னொரு நாள் போனால், திரையை உள்ளே எடுத்துவைத்துவிட்டோம் என்றார்கள். பழைய ஓவியங்களை வருடத்தில் சில வாரங்கள்தான் வெளியே வைப்பார்கள். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும். நியாயம்தான், ஆனாலும் அன்று எரிச்சலாகவே இருந்தது. ஒரு மாதம் கழித்து வேறொரு ஊரில், வேறொரு கடற்கரைக் கோயிலின் திரை எதிர்பாராமல் கண்ணில் பட்டது. இட்சுகுஷிமா. மியாஜிமா தீவு என்றால் பலருக்குத் தெரியும். தண்ணீரில் நிற்கும் சிவப்புத் தோரணம், காலண்டர்களில் வருமே, அதே இடம்.

கண்ணாடிக்குப் பின்னால் நின்ற அந்தத் திரையில் முதலில் கண்ணில் படுவது தங்கம். மேகங்கள் எல்லாம் தங்கம். ஊருக்கும் கடலுக்கும் மலைக்கும் நடுவே தங்க மேகங்கள் வழிந்து கிடக்கின்றன. அது பூச்சு அல்ல, தகடு. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன் வரை அடித்து, சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுவது. சதுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் தங்கம் இரட்டிப்பாகிக் கோடு விழும். கொஞ்சம் சாய்ந்து நின்று பார்த்தால் மேகத்துக்குள் கட்டம் கட்டமாகத் தெரியும், நோட்டுப் புத்தகத்துக் கணக்குத் தாள் மாதிரி. ஒரு மூலையில் நிறம் உதிர்ந்து வெள்ளை தெரிந்தது. ஜப்பானிய ஓவியர்கள் வெள்ளைக்குச் சிப்பி ஓட்டை அரைத்துப் பசையில் குழைத்துப் பயன்படுத்துவார்கள். அலையின் நுரைக்கும் அதே வெள்ளைதான். கடலின் ஓட்டை அரைத்துக் கடலுக்கே நுரை பூசியிருக்கிறார்கள்.

மேகம் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அதற்கு வேலை இருக்கிறது. கோயிலுக்கும் மலைக்கும் நடுவே உண்மையில் இருக்கும் தூரத்தை மேகம் விழுங்கிவிடுகிறது. வரைய வேண்டாத வீதிகளை மூடிவிடுகிறது. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு விட இடம் தருகிறது. நாம் கதை சொல்லும்போது "அப்புறம்" என்று ஒரு சொல் போட்டுத் தாண்டுவோமே, அதுபோல.

தங்கத்தைத் தாண்டிக் கீழே வந்தால் ஜனம். தோரணத்தைச் சுற்றிப் படகுகள். தண்ணீருக்கு மேல் கம்பங்களில் நிற்கும் கோயில் நடைபாதையில் வரிசையாக ஆட்கள். இந்த நடைபாதை மடங்கி மடங்கி 270 மீட்டருக்கு மேல் போகிறது. தரைப்பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள், அலை ஏறினால் தண்ணீர் வெளியேறட்டும் என்று. இந்தத் தீவில் கடல் மட்டம் ஒரே நாளில் நான்கு மீட்டர் வரை ஏறி இறங்கும். ஏறினால் கோயில் மிதக்கும், இறங்கினால் தோரணத்தின் காலடி வரை நடந்து போகலாம். 12-ஆம் நூற்றாண்டில் தைரா நோ கியோமோரி என்ற பெருந்தலை இந்தக் கோயிலை இப்படித் தண்ணீரில் விரித்துக் கட்டினார். தீவே தெய்வம் என்பதால் மண்ணில் கால் வைக்கத் தயங்கினார்கள் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அந்தத் தீவில் யாரும் பிறக்கக் கூடாது, சாகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. பிரசவத்துக்குப் பெண்கள் எதிர்க்கரைக்குப் போய்விட வேண்டும். 1555-ல் அங்கே ஒரு போர் நடந்தபோது, ஜெயித்த மோரி மொதோனாரி பிணங்களை அக்கரைக்கு அனுப்பி, ரத்தம் படிந்த மண்ணைச் சுரண்டி எடுக்கச் சொன்னாராம்.

இவ்வளவு தீட்டுப் பார்த்த இடமாயிற்றே, படத்தில் பக்தி சொட்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். கரையில் மான்கள் திரிகின்றன. பைன் மரத்தடியில் துணித்திரை கட்டிக்கொண்டு நாலு பேர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் எழுந்து ஆடுகிறார், விசிறி கையில். கடைகளில் சரக்குப் பரப்பியிருக்கிறார்கள். படகிலிருந்து இறங்கும் ஒருவர் கீழாடையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், கால் நனையாமல் இருக்க. முழங்கால் வரை தெரிகிறது. அந்த முழங்காலை வரைந்த தூரிகை என் மீசை மயிரை விட மெல்லியதாக இருந்திருக்க வேண்டும். நான் அதிகநேரம் நின்றது அந்த ஆளின் முன்னால்தான்.

தெய்வம் எங்கே? இல்லை. கருவறையின் கூரை தெரிகிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்துத் திருவிழாத் திரைகளில் எதைப் பார்த்தாலும் இதே கதை. கோயில் மேலே ஓரத்தில் மேகத்துக்குள் பாதி மறைந்திருக்கும், கூட்டம் நடுவில் இருக்கும். ஜப்பானில் வேறு வகைக் கோயில் படங்களும் உண்டு. கூட்டத்துக்கு முன் விரித்துக் குச்சியால் தொட்டுக் காட்டி, தலத்தின் மகிமையைச் சொல்லி நன்கொடை வாங்கப் பயன்பட்டவை. அவை யாத்திரைக்கு ஆள் சேர்க்கும் படங்கள். இந்தத் தங்கத் திரைகளோ வசதியானவர் வீட்டுக் கூடத்துக்கானவை. வரைந்தவர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போடாத நகரத்து ஓவியர்கள். வாங்கியவருக்கு வேண்டியிருந்தது அந்த ஊரின் சந்தடி.

பார்க்கும் விதமும் வேறு. நாம் நின்றுகொண்டு, கண்ணாடி வழியாக, மேலிருந்து விளக்கடித்துப் பார்க்கிறோம். அவர்கள் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள். உட்கார்ந்தால் கண் மட்டத்தில் வருவது கோபுரமல்ல, கீழ்ப் பலகையில் இருக்கும் ஆட்கள். நான் சும்மா இருக்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்து பார்த்தேன், காவலுக்கு நின்ற அம்மா இருமும் வரை. அப்போது இன்னொன்றும் தெரிந்தது. திரை தட்டையாக நிற்பதில்லை. மடிப்பு முன்னே வந்தும் பின்னே போயும் நிற்கும். பின்னே போகும் மடிப்பில் கடல் உள்வாங்கிக் குடாவாகிறது. தலையை நகர்த்தினால் ஒரு படகு மடிப்புக்குள் மறைந்து, இன்னொன்று வெளியே வருகிறது. புத்தகத்தில் தட்டையாக அச்சடித்த படத்தில் இந்த விளையாட்டு கிடையாது.

இட்சுகுஷிமாவில் நமக்குத் தெரிந்த ஒருவரும் இருந்தார். கோயிலின் மூன்று கடல் தெய்வங்களில் ஒருவரான இச்சிகிஷிமாஹிமேயைப் பல நூற்றாண்டுகளாகப் பென்சைத்தென் என்ற தேவியோடு ஒன்றாகவே வைத்து வணங்கினார்கள். பென்சைத்தென் வேறு யாருமல்ல, பௌத்த சூத்திரங்களோடு சீனம் வழியாகப் போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதிதான். கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானிய நரம்புக் கருவி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தத் தீவில் வாழ்ந்த செய்ஷின் என்ற துறவி, அந்தப் பிவாவின் வடிவத்தைப் பார்த்துத்தான் மரச் சோற்றுக் கரண்டியை வடிவமைத்துத் தீவுக்காரர்களுக்குத் தொழிலாகக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். இன்றும் மியாஜிமாவில் எந்தக் கடைக்குப் போனாலும் சோற்றுக் கரண்டி. நானும் ஒன்று வாங்கிவந்தேன். எங்கள் வீட்டில் அதில்தான் சாதம் பரிமாறுகிறோம். கலைமகள் சமையலறையில் இருப்பதில் அம்மாவுக்கு மகிழ்ச்சி.

1868-ல் மெய்ஜி அரசு, ஜப்பானின் சொந்த மதமான ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்கச் சொன்னது. பென்சைத்தென் பக்கத்தில் இருக்கும் தாய்கான்ஜி என்ற பௌத்தக் கோயிலுக்குக் குடிபெயர்ந்தார். சுமியோஷியில் இன்னும் கடுமை. அங்கே கோயிலோடு ஒட்டிய பௌத்த மடமும் பெரிய கோபுரங்களும் இருந்தன. பழைய திரைகளில் பைன் மரங்களுக்கு மேல் அவை எழுந்து நிற்கும். இப்போது அங்கே அந்தக் கோபுரங்கள் இல்லை. அதில் ஒரு கோபுரத்தைச் ஷிகோகு தீவின் கிரிஹதாஜி மடத்துக்காரர்கள் விலைக்கு வாங்கி, பிரித்து, கப்பலேற்றிக் கொண்டுபோய்த் தங்கள் மலையில் திரும்ப நிறுத்தினார்கள். 1882-ல்தான் வேலை முடிந்தது. இன்றும் நிற்கிறது. சுமியோஷியின் பழைய முகத்தில் ஒரு துண்டைப் பார்க்க வேண்டுமானால் கடல் தாண்டிப் போக வேண்டும்.

சுமியோஷியை வரைந்த திரைகளில் புகழ்பெற்றது ஒன்று, தவராயா சோதாத்சு 1631-ல் கியோட்டோவின் தாய்கோஜி மடத்துக்கு வரைந்தது. இப்போது டோக்கியோவில், செய்காதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று. காட்சி 'கெஞ்சியின் கதை' என்ற பழைய ஜப்பானிய நாவலிலிருந்து. கெஞ்சி பெரும் பரிவாரத்தோடு சுமியோஷிக்கு வேண்டுதல் நிறைவேற்ற வருகிறான். அதே நாளில் அவன் காதலி அகாஷி சீமாட்டியும் படகில் வந்து சேர்கிறாள். கரையில் இருக்கும் ஆடம்பரத்தைப் பார்த்ததும் இறங்காமல் திரும்பிவிடுகிறாள். சோதாத்சு வலது ஓரத்தில் அந்த வளைவுப் பாலத்தை வைத்தார், நடுவில் மாடு அவிழ்த்த வண்டியையும் ஏவலர்களையும் வைத்தார், இடது மேல் மூலையில் ஒரு சின்னப் படகை வைத்தார். வண்டிக்குள் இருக்கும் நாயகன் தெரிவதில்லை, படகுக்குள் இருக்கும் நாயகியும் தெரிவதில்லை. நடுவில் கிடப்பது தங்கம். எனக்கு என்னவோ இந்தப் படத்தில் அழகு அதிகம், கூட்டம் குறைவு. வியர்வை வாடை இல்லை.

சுமியோஷியில் வியர்வைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1684-ல் இஹாரா சைகாகு என்ற எழுத்தாளர் இந்தக் கோயில் வளாகத்தில் உட்கார்ந்து ஒரு பகல் ஓர் இரவில் 23,500 ஹைக்கை கவிதைகள் சொன்னார். எழுதிக்கொள்ள வந்தவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கடைசியில் கவிதையை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டார்கள். வணிகர்கள் கொடுத்த கல்விளக்குகள் 600 வரை நிற்கின்றன. இது அப்படிப்பட்ட ஊர்.

நான் பார்க்கத் தவறிய திரைக்கு வருகிறேன். சாக்காய் நகர அருங்காட்சியகத்தில் உள்ள சுமியோஷித் திருவிழா ஜோடித் திரை அந்த வகையில் பிரபலம், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதை நான் பார்த்ததெல்லாம் கணினியில், பெரிதாக்கி. தெய்வத்தைத் தோளில் சுமக்கும் மிகோஷி என்ற சப்பரம் சுமியோஷியிலிருந்து கிளம்பிச் சாக்காய்க்குப் போகிறது. தெருவில் வேஷக்காரர்களின் ஊர்வலம். அதில் ஒரு கும்பல் போர்ச்சுக்கீசிய வேஷம் போட்டிருக்கிறது. உப்பிய கால்சட்டை, கழுத்தைச் சுற்றிச் சுருக்கு, தொப்பி. ஊர்க்காரர்கள்தான், சாமி ஊர்வலத்தில் வெள்ளைக்காரன் வேஷம் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள்.

போர்ச்சுக்கீசியர்கள் 1543-ல் தானேகாஷிமா தீவில் முதன்முதலாக இறங்கினார்கள். பிறகு கோவாவிலிருந்து மலாக்கா, மக்காவ் வழியாக வருடா வருடம் கப்பல் வந்தது. 1639-ல் வரக் கூடாது என்று கதவைச் சாத்தும் வரை அவர்களுடைய உடை ஜப்பானில் ஒரு மோகம். அந்த உப்பிய கால்சட்டைக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் 'கருசான்'. இதைப் படித்தபோது யாழ்ப்பாணத்து நண்பர் ஞாபகம் வந்தார். அவர் இன்றும் கால்சட்டையைக் 'களிசான்' என்பார். இரண்டும் ஒரே போர்ச்சுக்கீசியச் சொல்லின் பிள்ளைகள். நாம் பொத்தான் என்பதை அவர்கள் 'போத்தான்' என்கிறார்கள், ரொட்டி அவர்களுக்குப் 'பான்', இலங்கையில் 'பாண்'. அதே கப்பல்கள் நம் கரையிலும் இறக்கிவிட்டுப் போன சாமான்கள்.

சாக்காய் அன்று பெரும் பணக்கார ஊர். சுற்றி அகழி வெட்டி, வணிகர்கள் தாங்களே நிர்வாகம் செய்த துறைமுகம். 1615-ல் ஒசாகா முற்றுகையின்போது எரிந்து சாம்பலானது. பிறகு தெருக்களை நேராக்கித் திரும்பக் கட்டினார்கள்.

இந்தத் திருவிழா இன்றும் நடக்கிறது. ஜூலை இறுதியில் தொடங்கி, ஆகஸ்ட் 1 அன்று சப்பரம் சாக்காயின் ஷுகுயின் என்ற இடத்துக்குப் போகும். வழியில் யாமாத்தோ ஆறு. தூக்குபவர்கள் ஆற்றுக்குள்ளேயே இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் சப்பரத்தோடு ஆடி, அக்கரைக்காரர்கள் தோளுக்கு மாற்றிவிடுவார்கள். நூற்றாண்டு நூற்றாண்டாக இப்படித்தான் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் பழைய திரையை வரைந்தபோது அந்த இடத்தில் அந்த ஆறே கிடையாது. வெள்ளத்துக்குப் பயந்து 1704-ல் எட்டே மாதத்தில் புதிதாக வாய்க்கால் வெட்டி, வடக்கே போய்க்கொண்டிருந்த ஆற்றை மேற்கே திருப்பிவிட்டார்கள். கடல் விலகிப்போன ஊரில் ஆறு வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. ஊர்வலம் ஆற்றையும் சேர்த்துக்கொண்டுவிட்டது.

அந்த ஆகஸ்ட் 1 எனக்கு வேலை நாள். மாலை வழக்கம்போல டிராமில் திரும்பினேன். கிட்டத்தட்ட ஊர்வலம் போன அதே வழியில்தான் டிராம் போகிறது என்பது அன்றுதான் உறைத்தது. ஆற்றுப் பாலத்தில் மெதுவாக ஏறியது. கூட்டம் எல்லாம் கலைந்துவிட்டிருந்தது. கரையில் மிதிபட்ட புல், ஈரம் சொட்டும் வெள்ளைத் துணியைப் பிழிந்துகொண்டிருந்த இரண்டு மூன்று பையன்கள். அடுத்த நிறுத்தத்தில் அவர்களைப் போலவே நனைந்த ஒருவர் ஏறினார். நடுத்தர வயது, முகமெல்லாம் சிவந்திருந்தது. கீழாடையைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தார், முழங்கால் வரை சேறு. இருக்கை நனைந்துவிடும் என்று உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஷுகுயின் வரை நின்றபடியே வந்தார்.